கடுக்காய் ஊறிய சுவர்கள்

கச்சிராயபாளையம்

பாண்டிச்சேரிக்குப் போகிறேன் என்று எங்கள் ஊர் டீக்கடையில் சொன்னால் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. வரும்போது எனக்கும் ஒன்று என்று விரலால் அளவு காட்டிச் சிரிப்பார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு கேலியின் சத்தம் குறைந்திருக்கிறதே தவிர, பாண்டி என்றால் பாட்டில் என்கிற கணக்கு மாறவில்லை. நானும் மனைவியும் ஒரு பழைய பிரெஞ்சு வீட்டில் படுத்து எழுந்து வரப் போகிறோம் என்றபோது நம்பியவர் ஒருவரும் இல்லை.

ஏற்பாடு மகனுடையது. ஐரோப்பாவுக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லிச் சொல்லி வருஷங்கள் ஓடிவிட்டன. அதற்கு ஈடாக வெள்ளை நகரம் என்கிற பாண்டிச்சேரியின் பிரெஞ்சுப் பகுதியில் ஓர் அறை. ஓர் இரவின் வாடகையைத் தெரிந்துகொண்டபோது எனக்கு உடனே கரும்புதான் நினைவுக்கு வந்தது. எங்கள் ஊர் கூட்டுறவு சர்க்கரை ஆலைக்கு மூன்று டன் வெட்டி அனுப்பினால் வருகிற பணம் அது. மனைவியிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பயணமே நடந்திருக்காது.

மேற்கே கல்வராயன் மலை, அதன் காலடியில் கோமுகி அணை, அணையை ஒட்டி நெல்லும் கரும்பும், மேட்டில் மக்காச்சோளமும் மரவள்ளியும். எங்கள் ஊர் இவ்வளவுதான். மலையிலிருந்து புளி, தேன், நெல்லி, கடுக்காய் என்று மூட்டைகள் இறங்கும். எங்கே போகிறது, யார் வாங்குகிறார்கள் என்று நாங்கள் விசாரித்ததில்லை. கடுக்காய் வயிற்றுக்கு நல்லது என்பதோடு எங்கள் அறிவு முடிந்துவிடும்.

தியாகதுருகம்

கள்ளக்குறிச்சியைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் மொட்டைப் பாறையாக எழுந்து நிற்கும் தியாகதுருகம் மலை. பேருந்தில் போகிறவர்கள் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நானும் எத்தனையோ முறை பார்க்காமல் கடந்திருக்கிறேன். ஆனால் பிரெஞ்சுக்காரர்களின் பாண்டிச்சேரியைப் பார்க்கப் போகிறவன் வணக்கம் வைக்க வேண்டிய முதல் இடம் இதுதான்.

1760-ல் பாண்டிச்சேரியை ஆங்கிலேயர்கள் நெருக்கிக்கொண்டிருந்த நேரம். பிரெஞ்சுத் தளபதி லாலிக்குப் படையும் வேண்டும், சோறும் வேண்டும். மைசூரின் ஹைதர் அலியோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். குதிரைப்படையும் தானியமும் மாடுகளும் வரவேண்டும்; அதற்கு விலையாக தியாகதுருகம், எலவானசூர் கோட்டைகள் மைசூருக்கு. மைசூர்ப் படை வந்தது, திருவதிகைப் பக்கம் ஆங்கிலேயரை ஒருமுறை விரட்டியும் அடித்தது. பிறகு திரும்பிப் போய்விட்டது. 1761 ஜனவரியில் பசி தாங்காமல் பாண்டிச்சேரி சரணடைந்தது. ஆங்கிலேயர்கள் கோட்டையைத் தகர்த்து, ஊரையும் இடித்துத் தள்ளினார்கள்.

ஆகவே சுற்றுலாக்காரர்கள் படம் பிடிக்கிற வெள்ளை நகரம் பெரும்பாலும் 1765-க்குப் பிறகு, ஊர் மறுபடி பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தபின் எழுந்தது. அந்தப் பழைய ஊரைக் காப்பாற்ற விலையாகக் கொடுத்த கோட்டை எங்கள் பக்கத்தில் ஆடு மேய்கிற பாறையாக இருக்கிறது. ஒரு பெயர்ப்பலகையைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

மதகடிப்பட்டு, வில்லியனூர்

உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் இரண்டையும் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, தூங்கிவிட்டேன். வளவனூரைத் தாண்டியதும் சாலையோரம் பெரிய பெரிய எழுத்தில் மதுக்கடைகள் தொடங்கின. எல்லை வந்துவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. அந்தப் பலகைகளுக்குச் சற்று உள்ளே, மதகடிப்பட்டில், முதலாம் ராஜராஜன் காலத்துக் குண்டாங்குழி மகாதேவர் கோயில் கருங்கல்லில் அமைதியாக நிற்கிறது. இறங்கிப் போய்ப் பார்த்தோம். எங்களைத் தவிர அங்கே ஒரு காவலாளி, ஒரு நாய்.

வில்லியனூருக்கு அந்தண்டை உள்ளே தள்ளிக் கீழூர். 1954 அக்டோபர் 18 அன்று பிரெஞ்சு இந்தியாவின் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் அங்கே கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு சேரலாம் என்றவர்கள் 170 பேர், வேண்டாம் என்றவர்கள் 8 பேர். அடுத்த மாதம் 1-ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. வாக்கு எண்ணி முடித்த விடுதலை. அந்த எட்டுப் பேர் என்ன நினைத்திருப்பார்கள் என்று எனக்கு எப்போதும் ஆர்வம் உண்டு.

வெள்ளை நகரம்

கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது எங்கள் ஓட்டல். பெயர் வேண்டாம், அந்த வட்டாரத்தில் அதே அச்சில் பல இருக்கின்றன. தெருப்பக்கம் பார்த்தால் மஞ்சள் மதில், வெள்ளைப் பட்டை, மதிலுக்கு மேலே வழிகிற காகிதப்பூ, ஆளுயரத்தைப் போல் இரண்டு மடங்குக் கதவு. வீதிப்பெயர் தமிழிலும் பிரெஞ்சிலும் நீலப் பலகையில். தெரு நூல் பிடித்தாற்போல் நேராகப் போய்க் கடலில் முட்டுகிறது. இந்த நேர்க்கோட்டுத் திட்டம்கூட பிரெஞ்சுக்காரர் போட்டது அல்ல. 1693 முதல் 1699 வரை ஊரைப் பிடித்து வைத்திருந்த டச்சுக்காரர்கள் வரைந்தது. ஐரோப்பா என்று நாம் மொத்தமாகச் சொல்கிற சரக்குக்குள் இத்தனை கலப்படம்.

கதவைத் தாண்டி உள்ளே போனதும் மனைவி நின்றுவிட்டாள்.

"ஏங்க, இது எங்க பெரியம்மா வீட்டு முற்றம் மாதிரில்ல இருக்கு?"

அப்படித்தான் இருந்தது. நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் தூண் வைத்த தாழ்வாரம், ஒரு மூலையில் கிணறு. கிணற்றுக்குக் கம்பிவலை போட்டு அதன்மேல் பித்தளை உருளியில் பூ மிதக்க விட்டிருந்தார்கள். வரவேற்பறையில் இருந்த பெண் தூண்கள் காரைக்குடியிலிருந்து வாங்கி வந்தவை என்றாள். மரவேலைக்குக் காரைக்குடி வரை ஏன் போனீர்கள், 2021-ல் புவிசார் குறியீடு வாங்கிய கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் இருக்கிறதே என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. மனைவி பார்த்த பார்வையில் அடங்கினேன்.

அறை உயரமானது. மேலே தேக்கு உத்தரங்கள், அவற்றின்மேல் சிறு செங்கற்களைச் சாய்த்து அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட மெட்ராஸ் டெரஸ். ஜன்னலில் கண்ணாடி இல்லை, சாய்வுப் பலகைகள். அவற்றைத் திறந்து மூடி வெயிலை வேண்டிய அளவுக்கு உள்ளே விடலாம். ஏசி இருந்தது, ஆனால் மத்தியானம் மூன்று மணிக்கும் போடத் தோன்றவில்லை. எங்கள் ஊர் கான்கிரீட் வீட்டில் அந்த நேரத்துக்குச் சுவரில் கை வைக்க முடியாது.

சுவரைத் தடவிப் பார்த்தேன். வெண்ணெய்போல் வழவழப்பு, ஒரு குளிர்ச்சி. பின்கட்டில் ஒரு கொத்தனார் அதே மாதிரிச் சுவர் ஒன்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார். வில்லியனூர்க்காரர். பேச ஆள் கிடைத்ததில் அவருக்கும் சந்தோஷம்.

"கடக்காத்து சார். சிமெண்டு பூசுனா உப்பு உள்ளாரயே நின்னு செங்கல்லத் தின்னுடும். சுண்ணாம்புன்னா வெளிய தள்ளிவிட்டுடும். அதான் வருஷா வருஷம் சுரண்டிச் சுரண்டிப் பூசறது."

சுண்ணாம்பைக் குழியில் தாளித்து நாள்கணக்கில் புளிக்க விடுவது, மணலோடு அரைப்பது, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை விட்டுக் குழைப்பது, கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு சேர்த்துக் கல்லால் தேய்த்து மெருகு ஏற்றுவது என்று வரிசையாகச் சொன்னார். கடுக்காய் எங்கே வாங்குவீர்கள் என்றேன்.

"நாட்டு மருந்துக் கடையிலதான். மலைச் சரக்கு. கல்ராயன் மலைலேர்ந்து மூட்டையா வருதும்பாங்க. நீங்க எந்தப் பக்கம்?"

சொன்னேன். "அடேயப்பா, அப்ப கடுக்காயோட ஊருக்காரரு!" என்று கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். எங்களுக்கு வயிற்று மருந்து. இங்கே சுவரைப் பிடித்து நிறுத்துகிற சாமான். வெல்லமும் எங்கள் பக்கத்தில் காய்ச்சுவதுதான். ஐரோப்பாவைப் பார்க்க வந்தவன் கல்வராயன் மலையின் துவர்ப்பும் கரும்பின் இனிப்பும் கலந்த சுவருக்குள் படுத்திருக்கிறேன் என்பது எனக்குப் பிடித்திருந்தது. அறை வாடகை அதிகம் என்ற உறுத்தலும் அங்கேதான் கொஞ்சம் தணிந்தது. அந்தக் கொத்தனாரின் கைவேலைக்கு வருஷா வருஷம் கூலி கொடுக்க யாராவது வேண்டும்.

அதே முற்றத்தில், இரவில்

சாப்பாட்டு மேசைக்கு வந்த பையன் மேலாளர் பக்கத்தில் நின்ற வரைக்கும் ஆங்கிலத்தில் பேசினான். அவர் நகர்ந்ததும் குனிந்து, "அண்ணே, கள்ளக்குறிச்சிப் பக்கமா? நான் சங்கராபுரம்ணே" என்றான். அதன்பிறகு எங்களுக்கு மெனு அட்டை தேவைப்படவில்லை. எதைச் சாப்பிடலாம், எதற்குக் காசு தண்டம் என்று அவனே சொன்னான்.

அவன் பரிந்துரைத்தது வஞ்சிர மீனும் அதன்மேல் ஊற்றிய வெண்ணெய்ச் சாறும். தட்டு வந்தபோதே மூக்குக்கு ஏதோ தெரிந்துவிட்டது. சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, வெந்தயம், உளுந்து எல்லாவற்றையும் இடித்து விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி மொட்டைமாடியில் காயப்போடுகிற தாளிப்பு வடகம். எங்கள் வீட்டுக் காரக்குழம்பின் வாசனை. இங்கிருந்து கப்பலேறி, பிரான்சில் வடுவான் என்று பெயர் பெற்று, அங்கே பெரிய சமையல்காரர்கள் கையில் மவுசு கூடி, இப்போது வெள்ளித் தட்டில் திரும்பி வந்திருக்கிறது. மனைவி ஒரு வாய் சாப்பிட்டாள். "வெயில் பத்தல" என்று தீர்ப்புச் சொன்னாள். சரியான தீர்ப்பு, வடகத்தில் ஈரப்பதம் இருந்தது.

காலைச் சாப்பாட்டுக்கு நீள ரொட்டி, வெண்ணெய், பழக்கூழ், பல அடுக்காகப் பிரிகிற குருவாசான். இது நன்றாக இருந்தது என்று மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இட்லியும் வைத்திருந்தார்கள்; அது வேண்டாம்.

கடற்கரைச் சாலை

விடியற்காலையில் கடற்கரைச் சாலை ஊர்க்காரர்களுடையது. காந்தி சிலையைச் சுற்றி நிற்கிற செதுக்குக் கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து கொண்டுவந்தவை. அதைச் சொல்லாமல் ஐரோப்பிய அழகு என்று படம் எடுத்துப் போகிறார்கள். சற்றுத் தள்ளி மேரி என்கிற நகராட்சி மாளிகை. 2014 நவம்பர் மழையில் பழைய கட்டடம் அப்படியே சரிந்து விழுந்தது. உலக வங்கிப் பணத்தில் அதே வடிவில் மறுபடி கட்டி 2021-ல் திறந்தார்கள். புதிது பளபளக்கிறது. கவனிப்பாரில்லாமல் போனால் சுண்ணாம்புக் கட்டடமும் எத்தனை நாள் தாங்கும்!

கல்பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் எண்பதைத் தொட்டிருப்பார். இஸ்திரி போட்ட சட்டை, தலையில் தொப்பி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பாண்டிக்காரர்கள் சொல்தா என்பார்கள். சாயங்காலமானால் கூட்டாளிகளோடு இரும்புக் குண்டு உருட்டி பெத்தாங் ஆடுவாராம். மாதாமாதம் பிரான்சிலிருந்து பென்ஷன். அதிபர் தேர்தல் வந்தால் இங்கேயே ஓட்டுப் போடுகிறார்.

"ரெண்டு ஊருக்கும் விசுவாசமா இருக்கணும் தம்பி. அது பெரிய வேலை" என்றார்.

1954-ல் நிர்வாகம் மாறினாலும் காகிதத்தில் பிரெஞ்சு இந்தியா முடிந்தது 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான். அப்போது இங்கே பிறந்தவர்களுக்கு, பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டுமென்றால் எழுதிக் கொடுக்க ஆறு மாதம் அவகாசம். இவருடைய தகப்பனார் எழுதிக் கொடுத்திருக்கிறார். அடுத்த வீட்டுக்காரர் எழுதிக் கொடுக்கவில்லை. ஒரு கையெழுத்தில் இரண்டு குடும்பங்களும் இரண்டு தேசமாகிவிட்டன.

"உங்க ஊரு என்னிக்கி இந்தியாவாச்சு? நாப்பத்தேழுதானே?" என்று சும்மா கேட்டார்.

எங்கள் ஊர் நாற்பத்தேழுதான், ஆனால் எங்கள் தலைக்கு மேலே இருக்கிற மலை அப்படியில்லை என்றேன். கல்வராயன் மலை சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகையில் கிடந்தது. மலையாளிப் பழங்குடி மக்கள் அவர்களுக்கு வரி கொடுத்தார்கள், வேலை செய்தார்கள். ஜாகீர் முறை ஒழிந்து மலை அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது 1976-ல். பெரியவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"எழுவத்தாறா? எங்களுக்கும் பின்னாலயா?"

ஆமாம் என்றேன். வெள்ளைக்காரன் இல்லாத இடத்தில் விடுதலை வந்து சேர அதிக நாள் பிடிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவருக்குப் பேத்தியிடமிருந்து தொலைபேசி வந்தது. பிரெஞ்சில் தொடங்கி, "சாப்ட்டியாம்மா" என்று முடித்தார்.

வாய்க்காலுக்கு மேற்கே

பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரர்கள், மேற்கே தமிழர்கள். அந்தக் காலத்துப் பிரிவினை அது. கோடு இன்றும் கண்ணுக்குத் தெரியும். கிழக்கே இருப்பவை மதிலுக்குள் ஒளிந்த வீடுகள். மேற்கே வந்தால் வீடு தெருவைப் பார்த்துத் திண்ணை நீட்டுகிறது. நடந்து வந்தவன் உட்கார்ந்து இளைப்பாற ஓர் இடம். கச்சிராயபாளையத்தில் எங்கள் தெருவில் கடைசித் திண்ணையை இடித்துக் கடை ஷட்டர் போட்டார்கள். அதை நினைத்துக்கொண்டே வைசியாள் வீதியில் நடந்தேன்.

அந்த வீதியைப் பார்க்காமல் பாண்டிச்சேரி பார்த்தேன் என்று சொல்லாதீர்கள். கீழ்த்தளம் முழுக்கத் தமிழ்: திண்ணை, மரத்தூண், ஓட்டுச் சாய்ப்பு, செதுக்கிய நிலைக்கதவு. மாடிக்கு ஏறினால் பிரெஞ்சு: வளைவு ஜன்னல், சாய்வுப் பலகை, சுண்ணாம்புப் பூவேலை, கைப்பிடிச் சுவர். கொத்தனார்கள் இரண்டையும் சண்டை போடவிடாமல் சேர்த்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு இன்டாக் அமைப்பும் அரசும் சேர்ந்து வீதியின் முகப்புகளைச் சீர்படுத்தின. 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுரிமை விருது அதற்குக் கிடைத்தது. வீடுகளில் இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். வாசலில் கோலம் காயாமல் இருந்தது. ஒரு பாட்டி எங்களைக் கூப்பிட்டு உள்ளே முற்றத்தைக் காட்டினார். பாக்கு வெட்டிக்கொண்டே, "ஓட்டலுக்குக் கேக்கறாங்க, பசங்க குடுக்கலாம்ங்கறாங்க, நான் செத்தப்புறம் பாத்துக்கோங்கடான்னுட்டேன்" என்றார்.

அங்கிருந்து அங்காடி நெரிசலுக்குள் நுழைந்தால் ஆனந்தரங்கப் பிள்ளை வீடு. பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே காலத்துத் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர். 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதியவர். 1738-ல் கட்டிய வீடு, 1761-ன் இடிப்புக்குத் தப்பி நிற்கிறது. நகரம் விழுவதற்குச் சில நாள் முன்னே பிள்ளை இறந்துவிட்டார். அந்த வீட்டின் கீழ்த்தளமும் தமிழ்தான், மாடி பிரெஞ்சுத்தூண். வைசியாள் வீதியின் சூத்திரம் முழுக்க ஒரே வீட்டில். வெள்ளை நகரத்தின் பெரும்பாலான மாளிகைகளைவிட வயதில் மூத்தது, ஆனால் பூக்கடைகளும் வண்டிகளும் மறைத்துக்கொண்டிருப்பதால் தெரிந்தவர்களுக்கு மட்டும் கண்ணில் படும்.

ஆகவே என் தீர்ப்பு இது. ஓர் இரவுக்குத்தான் காசு இருக்கிறதென்றால் வெள்ளை நகரத்தில் செலவழிக்காதீர்கள். வாய்க்காலுக்கு மேற்கே பழைய தமிழ் வீடுகளையே ஓட்டலாக்கியிருக்கிறார்கள். பெருமாள் கோயில் வீதியில் மேசோன் பெருமாள் அப்படிப்பட்டது, அதே வீதியில் பாரதிதாசன் வாழ்ந்த வீடும் நினைவகமாக இருக்கிறது. ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதி நினைவகம். தங்குவதென்றால் அந்தப் பக்கம் தங்குங்கள். வெள்ளை நகரத்தை நடந்து பார்க்க யாரும் காசு கேட்பதில்லை. கடற்கரைச் சாலையிலோ மாலை ஆறு மணி முதல் மறுநாள் காலை ஏழரை வரை வண்டிகளையும் விடுவதில்லை.